கழற்றிய இரண்டு வரிகள்

“பழைய வீட்டுக் கணினிகளில் விளையாடிய காலத்தைப் பற்றி இனிமையான நினைவுகளாக ஒரு பக்கம் எழுதித் தாங்க அண்ணா” என்று கொழும்பிலிருந்து ஒரு தங்கச்சி செய்தி அனுப்பியிருந்தாள். பழைய கணினிகளைச் சேர்த்துவைத்திருக்கும் அவர்களுடைய குழு மலர் போடுகிறதாம். நுவரெலியாவில் நடந்தது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ‘இனிமையான’ என்ற சொல்லை முதலில் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறேன். மிச்சத்தை எழுதுகிறேன். அது ஒரு பக்கத்தில் அடங்காது, மலரிலும் அடங்காது.

எனக்கு முப்பத்திரண்டு வயது. ‘ஓய்வுபெற்ற டெக்னீஷியன்’ என்று சொல்லிக்கொண்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆள் ஓய்வு பெறவில்லை, பார்த்த வேலை பெற்றுவிட்டது, நான் என்ன செய்ய? ஹட்டன் பஜாரில் பெனடிக்ட் மாஸ்டரின் பழுதுபார்க்கும் கடை இருந்த இடத்தில் இன்று போன் உறை விற்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை நின்றுவிட்டுப் போகலாம் என்று அந்தக் கடைக்குள் ஏறினேன். பெறுபேறு வந்தது. நான் இறங்கவில்லை. முதலில் தூசு தட்டினேன், பிறகு பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சினேன், பிறகு ஒரு நாள் மாஸ்டர் மீட்டரை என் பக்கம் தள்ளினார். பயிற்சி என்பது இவ்வளவுதான்.

ரேடியோ, டிவி, ரைஸ் குக்கர் எல்லாம் வரும். ஆனால் நான் அங்கே நின்றது விசைப்பலகையும் கணினியும் ஒன்றேயான அந்தப் பழைய பெட்டிகளுக்காக. டிவியில் செருகினால் திரை. கேசட் ரெக்கோடரில் செருகினால் அதுதான் நினைவு. ஒரு விளையாட்டை ஏற்ற வேண்டுமென்றால் கேசட்டை ஓடவிட்டு, அது கீச்சிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஏறினால் சந்தோஷம். ஏறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்தப் பெட்டிகள்மேல் எனக்கு இருந்தது பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு மனிதர் சின்னஞ்சிறு நினைவுக்குள் ஒரு காட்டையும் பேயையும் ஓட்டைப்பாலத்தையும் அடைத்துவிட்டாரே என்று வாய் பிளந்து பார்ப்பேன். மாஸ்டர் பார்க்க மாட்டார். “ஓடுதா? அப்ப நிப்பாட்டு, கரண்ட் போகுது” என்பார்.

மாஸ்டரின் முறையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வாடிக்கையாளரிடம் ‘என்ன பழுது’ என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. “என்ன செய்யுது?” என்பார். பிறகு அவர்கள் கையாலேயே சுவிட்சைப் போடச் சொல்வார். அது என்ன செய்கிறதோ அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருப்புளியை எடுப்பார். சொன்ன குறையைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. மஞ்சள் படிந்த மூடி ஒன்றைத் தேய்த்து வெளுத்துத் தரலாமே என்றேன் ஒருமுறை. “கேட்டாங்களா?” என்றார். இல்லை. “அப்ப அது அவுங்க மஞ்சள்.”

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம்: உள்ளேயிருந்து எதைக் கழற்றினாலும் அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, மெஷினோடு சேர்த்து உரியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எரிந்துபோன துண்டாக இருந்தாலும் சரி. கொடுக்கும்போது “இந்தாங்க, கழட்டுனது” என்று வாயால் சொல்லவும் வேண்டும். திம்புள்ள பக்கத்து பங்களா ஒன்றிலிருந்து, வெளிநாட்டில் படிக்கப் போன மகன் விட்டுச்சென்ற கணினி என்று ஒரு தோட்டத் துரை கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் மின்சாரப் பகுதியில் காய்ந்துபோன பல்லி ஒன்று குறுக்கே கிடந்தது, பழுதே அதுதான். துரை திரும்ப வந்தபோது மாஸ்டர் பல்லியைப் பையில் போட்டு நீட்டி, வழக்கம்போல “இந்தாங்க, கழட்டுனது” என்றார். துரை பையை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜீப் வரைக்கும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார். நான் மேசைக்குக் கீழே குனிந்து ஏதோ தேடுவதுபோலச் சிரித்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. “அவரு வீட்டுப் பல்லிதானே” என்றார்.

இப்போது புவனா அக்காவுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான்.

கந்தப்பளைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் அவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஒரு நாள் உரப்பையில் சுற்றிய ஒரு கணினியையும் ரெக்கோடரையும் ஒரேயொரு கேசட்டையும் மாஸ்டரின் மேசையில் வைத்தார். விசைகளில் ஆங்கிலத்தோடு அரபு எழுத்தும் இருந்தது.

“எங்கம்மா குவைத்ல வீட்டு வேல செஞ்சாங்க. அந்த வீட்டுப் புள்ளைங்க தூக்கிப் போட்டத, சீலைக்குள்ள சுத்திக் கொண்டாந்தாங்க” என்றார். “கேசட்டுல, சின்ன வயசுல கூட வந்த புத்தகத்தப் பாத்து நான் பண்ணுன கேம் ஒண்ணு இருக்கு தம்பி. ஓடுனா போதும். வேற ஒண்ணும் வேணாம்.”

நான் பண்ணின கேம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தேன். யாரோ எங்கேயோ செய்ததை ஏற்றி விளையாடியவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

ரெக்கோடரின் ரப்பர் பட்டி கூழாக உருகிக் கிடந்தது. சுரண்டி எடுத்துப் பையில் போட்டேன், புதுப் பட்டி போட்டேன். கேசட்டைப் படிக்கும் தலைப்பகுதி லேசாகச் சாய்ந்திருந்தது. கடையில் ஒரு அளவு கேசட் உண்டு. அதை ஓடவிட்டு, சத்தம் தெளிவாகும் வரை ஒரு சின்னத் திருகைத் திருகினால் தலை நேராகும். நான் அந்தத் திருகில் திருப்புளியை வைத்தேன். மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இந்தக் கேசட்ட எதுல பதிஞ்சீங்க?” என்று அக்காவைக் கேட்டார்.

“இதே ரெக்கோடர்லதாங்க.”

“தொடாத. சாய்ஞ்சே இருக்கட்டும். சாய்ஞ்சுதானே எழுதியிருக்கு.”

அவர் சொன்னது சரி. சாய்ந்த தலை பதிந்ததைச் சாய்ந்த தலைதான் ஒழுங்காகப் படிக்கும். ஓடவிட்டோம். கீச்சென்று கத்தியது. திரையில் பச்சை நிரைகள் வந்தன.

விளையாட்டு இதுதான். தேயிலை நிரைகளுக்குள் கூடை சுமந்த ஒரு உருவம். மேலே சூரியன் இடமிருந்து வலமாக நகரும். ஈரமான இடத்தில் நின்றால் அட்டை ஏறும். கொழுந்தைப் பறித்துக்கொண்டு, சூரியன் மறுகோடிக்குப் போவதற்குள் கீழே நிறுக்கிற மடுவத்துக்கு வர வேண்டும். வந்ததும் கிலோ எண் திரையில் வரும். அப்புறம் THANNI என்று ஆங்கில எழுத்தில் ஒரு சொல் வரும், எண் குறையும். KOODAI என்று வரும், எண் இன்னும் குறையும். மறுநாள் விடியும். எவ்வளவு கூடப் பறிக்கிறீர்களோ அவ்வளவு கூட வெட்டும். ஜெயிப்பது என்ற ஒன்றே கிடையாது.

எனக்கு யாரும் விளக்கவில்லை. என் அம்மா மலையிலிருந்து வந்து ஈரச் சாக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டே தினமும் சொன்ன கதை அது. கொழுந்தில் ஈரம் என்று தண்ணிக்குக் கழித்தான், கூடையின் எடைக்குக் கழித்தான். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். மாஸ்டர்கூட, கரண்ட் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் திரையில் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, மடுவத்தில் வெட்டு வாங்கினார்.

அக்கா குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் அந்தக் காலத்தில் கரண்ட் இல்லை. குப்பி லாம்புதான். பிள்ளைக் காம்பராவுக்குப் பக்டரி லைனிலிருந்து கரண்ட் வந்தது, அங்கே ஒரு டிவியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உரப்பையில் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே செருகுவாராம். பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்களாம். மடுவத்தில் எண் குறையும்போது எல்லோரும் சேர்ந்து, நிறுக்கிற கணக்கப்பிள்ளையின் பட்டப்பெயரைச் சொல்லித் திட்டுவார்களாம். நேரில் திட்ட முடியாததை அங்கே திட்டித் தீர்த்தார்கள்.

“அந்தச் சத்தத்த இன்னொருவாட்டி கேட்டாப் போதும்” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. உடைக்கட்டுமா என்று நான் கேட்டேன். அக்கா வேண்டாம் என்றார். அவர்கள் வீட்டில் கேசட் என்றால் குவைத்துக்குக் குரல் பதிந்து அனுப்புவது. அம்மா கேட்டுவிட்டு, அதன்மேலேயே தன் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். பல்லை உடைத்தால் ஒரு கடிதம் போச்சு. எங்கள் ஆட்கள் யார் வீட்டிலும் பல்லுடைத்த கேசட்டை நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

மலர் போடும் அந்தக் கொழும்புக் குழுவைச் சேர்ந்த நிர்மல் எங்கள் கடைக்கு உதிரிப்பாகம் தேடி அடிக்கடி வருபவர். நல்ல மனிதர், மரியாதையானவர். என் கோபத்தைக் கூட்டுவதும் அந்த மரியாதைதான். எந்த நாட்டு விளையாட்டு என்றாலும் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைப்பார்கள் இவர்கள். “நம்ம எல்லாருடைய சின்ன வயசும் இதுக்குள்ளதான் இருக்கு” என்பார். எந்த ‘நம்ம’? லயத்தில் கரண்டே இல்லாத காலத்தில் எந்த ‘எல்லாரும்’? நான் கேட்டேன். சிரித்துக்கொண்டே “நீங்க எப்பவும் சூடு” என்றார்.

மாஸ்டர் கடையை ஒரேயடியாக மூடப்போகும் சமயத்தில் அவர்கள் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ‘பழைய கணினி மாலை’ நடத்த ஏற்பாடு செய்தார்கள். புவனா அக்காவின் கணினியும் ரெக்கோடரும் கேசட்டும் வேண்டும் என்று நிர்மல் கேட்டார். நாலு பேர் சுற்றி நின்று விளையாடுவார்கள் என்றதும் அக்கா சந்தோஷமாகக் கொடுத்தார். முன்கூட்டியே கொண்டு போனார்கள், சரிபார்க்க வேண்டும் என்று.

அன்றைக்கு மாஸ்டரை முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நீண்ட மேசைகளில் கணினிகள், பழைய டிவிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் வரிசை. அக்காவின் கணினிக்கு முன்னால் ஒரு அட்டை: ‘பெயர் தெரியாத தோட்டச் சிறுமி ஒருத்தியின் படைப்பு.’ பெயர் தெரியாதவர் என் பக்கத்தில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கைப்பையோடு நின்றார். நிர்மலின் போனில் அவருடைய பெயரும் நம்பரும் இருந்தன. கேட்டதற்கு, அப்படிப் போட்டால் ஒரு மர்மம் இருக்கும் என்றார். நான் பேனையை எடுத்து அட்டையில் இருந்ததை அடித்துவிட்டு, புவனேஸ்வரி என்று எழுதினேன். அதற்கே நிர்மலின் முகம் சுருங்கியது.

ஒரு இளைஞர் விளையாடிக்கொண்டிருந்தார். பறித்தார், மடுவத்துக்கு வந்தார். கிலோ எண் வந்தது. அப்படியே நின்றது. சின்னதாக ஒரு இசை. VAAZHTHUKAL என்று திரை சொன்னது. இளைஞர் இரண்டு கையையும் தூக்கினார், பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டார்: “இதுல நிறுக்கிறது யாரு?”

நிர்மல் ஓடிவந்தார். “அதுல ஒரு சின்னப் பிழை இருந்துச்சு அக்கா. நிறுக்கிற நேரம் நம்பர் தானா குறையுது. எங்க ஆள் ஒருத்தர் கண்டுபிடிச்சு அந்த ரெண்டு வரிய எடுத்துட்டு, முடிவுல ஒரு வாழ்த்தும் வெச்சார். இப்ப நல்லா ஓடுது.”

“பழசு?”

“சரி பண்ணினத அதே கேசட்ல பதிஞ்சிட்டோம். பழசு தேவைப்படும்னு நினைக்கல.”

வெளிநாட்டுப் பேய்க்கும் ஓட்டைப்பாலத்துக்கும் மூன்று பிரதி. எங்கள் மடுவத்துக்கு ஒன்றுகூட இல்லை. எனக்குக் காது இரண்டும் சூடேறியது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். பிள்ளைக் காம்பராவில் முப்பது பேர் பார்த்துச் சிரித்ததை நீங்கள் ஒரே ஆள் உட்கார்ந்து பிழை என்று தீர்மானித்தீர்களா? ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நம்பர் குறைந்ததும், இந்தப் பெண்ணுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்தீர்கள். நிறுக்கிறவன் வெட்டியிருப்பான் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிர்மல் குரலைத் தாழ்த்தி, ஜெயிக்க முடியாத விளையாட்டை யார் விளையாடுவார்கள் என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

முன்வரிசையிலிருந்து மாஸ்டர் எழுந்து வந்தார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

“கழட்டுனது எங்க?” என்றார்.

“மாஸ்டர், அது சாமான் இல்லையே. ரெண்டு வரிதான்.”

“அதத்தான் கேக்குறேன். எங்க?”

மாஸ்டர் நகரவில்லை. கடையில் காசு மேசைக்குப் பின்னால் நிற்பதுபோலவே நின்றார். அந்த நேரத்தில் நான் அவருக்காகச் சண்டை பிடிக்கத் தயாராக இருந்தேன், ஆனால் தேவைப்படவில்லை. அக்கா கைப்பையை என்னிடம் கொடுத்தார். ஜெயித்த இளைஞரிடம், “கொஞ்சம் எந்திரிங்க தம்பி” என்றார். உட்கார்ந்தார்.

விளையாட்டை நிறுத்தினார். திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. விரலை வைத்து வைத்துப் பார்த்தார். நடுவில் வரி எண்கள் தாவியிருந்த இடத்தில் விரல் நின்றது. பழைய வரிகள் அப்படியே ஞாபகம் வருகிறதா என்று கேட்டேன். இல்லையாம். “ஞாபகத்துக்கு என்ன தேவ? நேத்தும் வெட்டுனாங்க” என்றார். பிள்ளைகளை எடுக்க வரும் தாய்மார் தினமும் அவரிடம்தான் சொல்லிப் புலம்புகிறார்கள்.

நிர்மல் குனிந்து, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பணிவாகச் சொன்னார்.

“நிக்கட்டும். மடுவத்துல நாங்க நிக்கலையா?”

அரபு விசைகளை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் அவருடைய விரல்கள் போயின. இரண்டு வரி அடித்தார். ஓடவிட்டுப் பார்த்தார், தண்ணி வெட்டியது, கூடை வெட்டியது. எழும்புவார் என்று நினைத்தேன். எழும்பவில்லை. நிறுத்திவிட்டு மூன்றாவதாக இன்னொரு வரியும் அடித்தார். என்ன அது என்று கேட்டேன். “இது அப்ப இல்ல தம்பி, இப்ப உள்ளது” என்றார்.

வாழ்த்தையும் இசையையும் அழித்தார். வரிசையில் அடுத்து நின்றவர் விளையாடினார். வெட்டு விழுந்ததும் முகத்தைச் சுளித்தார். அவருக்கு அடுத்தவர் ஒரே வெட்டோடு பக்கத்து மேசைக்குப் போய்விட்டார். நிர்மல் ‘பார்த்தீர்களா’ என்பதுபோல என்னைப் பார்த்தார். ஆள் கழன்றுகொண்டே போனது. அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று காத்திருந்தார். என் கையில் அவருடைய கைப்பை.

கோப்பைகளைப் பொறுக்க வந்த ஹோட்டல் அம்மா ஒருவர் தட்டோடு திரையைக் கடந்து போனவர், நின்றார். பச்சை நிரைகளைப் பார்த்தார். “இது கொழுந்தா?” என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மா தட்டை மேசையில், ஏதோ ஒரு அரிய கணினியின் மேலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதலில் அட்டை ஏறியது. பிறகு பிடிபட்டது. கூடையை நிறைத்துக்கொண்டு சூரியனுக்கு முந்தி மடுவத்துக்கு வந்தார். எண் வந்தது. தண்ணி. கூடை. எண் சரிந்து சரிந்து ஒரு இடத்தில் நின்றது. அப்போதுதான் அந்த மூன்றாவது வரி வேலை செய்தது. ARAI PERU என்று திரை முழுக்க எழுத்து. சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் நாள் முழுக்க நின்றவளுக்கும் பாதி நாள் சம்பளம்தான் போடுவார்கள் அல்லவா, அது.

“அடப் பாவி! அரப்பேரு போட்டுட்டானே!”

மண்டபம் முழுக்கக் கேட்டது. சமையலறைப் பக்கமிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நாலு பேர் வந்தார்கள். அந்த அம்மா திரையைக் காட்டி, தன் தோட்டத்து நிறுவைக்காரனின் பட்டப்பெயரைச் சொல்லித் திட்டினார். இன்னொருவர் அதைவிட நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார். தோட்டத்தை விட்டு ஹோட்டல் வேலைக்கு வந்தவர்கள், வீட்டில் இன்னும் தாய் பறிக்கிறவர்கள். நான் நீ என்று விளையாடினார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கூச்சல். அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

பழைய விளையாட்டாம். நினைவு மாலையாம். இன்றைக்கு மடுவத்தில் நிறுக்கும் தராசு மின்சாரத்தில் ஓடுகிறது, வெட்டு மட்டும் அதே வெட்டு. இதில் எதைப் பழசு என்று நான் ஏங்க வேண்டும், சொல்லுங்கள்.

கூட்டம் கலையும் முன் அக்கா கேசட்டைப் பின்னுக்கு ஓடவிட்டு, புது வரிகளோடு விளையாட்டைப் பதிந்தார். வெளியே எடுத்தார். மாஸ்டரிடம் கை நீட்டினார். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் சட்டைப்பையிலிருந்த சின்னத் திருப்புளியைக் கொடுத்தார். கேசட்டின் முதுகில் வைத்து ஒரு நெம்பு, இன்னொரு நெம்பு. இரண்டு பிளாஸ்டிக் பற்களும் மேசையில் தெறித்தன. வீட்டில் எந்தக் கேசட்டுக்கும் அவர் செய்யாத வேலை அது.

இரண்டையும் பொறுக்கி, நிர்மலின் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்தாங்க தம்பி, கழட்டுனது.”